போர்க்களத்துக்குப் போன பெட்டி

வாரத் தியானம்
வேதபகுதி: 1 சாமுவேல் 4:1-22



வேதாகமத்தைத் திறந்து இந்த அதிகாரத்தை ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டு இதைத் தொடருங்கள். சிறிய அதிகாரம்தான், 22 வசனங்கள்.

இஸ்ரவேலர் பெலிஸ்தரோடு யுத்தம் செய்து தோற்றார்கள். ஏறக்குறைய 4,000 பேர் விழுந்தார்கள். பாளயத்துக்குத் திரும்பிய மூப்பர்கள், கர்த்தர் தங்களை ஏன் முறியடித்தார் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. உபவாசமில்லை, மனந்திரும்புதலில்லை, சாமுவேலிடம் ஆள் அனுப்பி விசாரித்ததாகவும் எழுதப்படவில்லை. சீலோவிலிருந்த உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவரச் செய்தார்கள். பெட்டி நடுவில் இருந்தால் வெற்றி நமக்கே என்பது அவர்களுடைய கணக்கு. பெட்டியோடு கூட வந்தவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள்: ஓப்னியும் பினெகாசும். ஜனங்களின் பலியில் கைவைத்தவர்கள், ஆசரிப்புக் கூடார வாசலில் பணிவிடை செய்த பெண்களைக் கெடுத்தவர்கள். இரண்டு அதிகாரங்களுக்கு முன்புதான் அவர்களுடைய நடத்தையை வாசித்தோம். பெட்டியைக் கண்டதும் பாளயம் முழுவதும் ஆர்ப்பரித்தது. அதைச் சுமந்து வந்த கைகளை எவரும் பார்க்கவில்லை. அடுத்த யுத்தத்தில் விழுந்தவர்கள் 30,000 பேர். பெட்டியும் பிடிபட்டது.

கடைசி நான்கு வசனங்களை நாம் வழக்கமாக வேகமாகக் கடந்துவிடுகிறோம். பினெகாசின் மனைவி நிறைகர்ப்பிணி. செய்தி வந்தவுடன் அவளுக்குப் பிரசவ வேதனை உண்டாயிற்று. ஆண்பிள்ளையைப் பெற்றாள். சுற்றி நின்ற பெண்கள் தேற்றியும் அவள் செவிகொடுக்கவில்லை. பிள்ளைக்கு இக்கபோத் என்று பெயரிட்டுவிட்டு மரித்தாள். அவளுடைய பெயரை வேதம் சொல்லவில்லை. பரிசுத்தமானதைப் போருக்குத் தூக்கிச் சென்ற ஆண்களின் கதை, ஒரு பிரசவ அறையில், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் மரணத்தோடு முடிகிறது.

சென்ற வாரம் நம்முடைய வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த சிலர் குருமனைக்கு வந்தார்கள். கருக்கலைப்புக்கு எதிராக ஓர் ஊர்வலம் நடத்த வேண்டும் என்பது அவர்களுடைய விண்ணப்பம். அலைபேசியில் மாதிரிப் பதாகையைக் காட்டினார்கள். ஒருபுறம் கருவிலுள்ள சிசுவின் படம், மறுபுறம் டொனால்ட் டிரம்பின் முகம். வாசகங்கள் அமெரிக்கப் பதாகைகளிலிருந்து வரிக்கு வரி எடுக்கப்பட்டவை. நம்முடைய வீதியில் வேறு நாட்டு அரசியல்வாதியின் முகம் எதற்கு என்று கேட்டேன். "அவர்தானே ஐயா பிள்ளைகளைக் காப்பாத்தினவர்" என்றான் ஒரு தம்பி. அவன் மனதில் கள்ளமில்லை. டல்லாஸில் இருக்கும் அவனுடைய பெரியப்பா வாரந்தோறும் அனுப்பும் காணொளிகளிலிருந்து அவன் கற்றுக்கொண்டது இது.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. காரணம் உண்டு. 2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், அந்த நாட்டில் இன்ன கட்சி ஜெயிக்க வேண்டும், அதுவே தேவசித்தம் என்று ஒருவர் உரத்த சத்தமாய் ஜெபித்தார். நான் முன்வரிசையில் முழங்காற்படியிட்டிருந்தேன். ஆமென் என்று சொன்னேன். அந்த ஆமென் அன்றுமுதல் என் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது. இன்று எழுதுவது அதற்காகவும்தான்.

என்னுடைய நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வாசித்துவிட்டு ஐயா மாறிவிட்டார் என்று யாரும் புலனக் குழுவில் எழுத வேண்டாம். கருவிலிருக்கும் சிசு தேவனுடைய கைவேலை என்று விசுவாசிக்கிறேன். 139-ஆம் சங்கீதத்தையும், எரேமியாவின் அழைப்பையும், எலிசபெத்தின் வயிற்றில் துள்ளிய பிள்ளையையும் நான் முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கித்து வருகிறேன். அதில் ஓர் எழுத்தையும் திரும்பப் பெறவில்லை. அந்தச் சிசுவை ஒரு கட்சியின் கொடிக்கம்பத்தில் ஏற்றியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். விசுவாசத்தில் தளர்ந்துபோனவனுடைய கோபமாக அதை எண்ணாதிருங்கள்.

நமக்கு அனுப்பப்படும் காணொளிகள் ஒரு சரித்திரத்தைச் சொல்கின்றன. 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக்கியது, உடனே தேவ ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், ஒரு தேவபக்தியுள்ள கட்சி அவர்களோடு நின்றது என்பதே அந்தச் சரித்திரம். நடந்தது அப்படியன்று.

ரோ எதிர் வேட் வழக்கின் தீர்ப்பு 1973 ஜனவரி 22-இல் வந்தது. ஒன்பது நீதிபதிகளில் எழுவர் ஒரு பக்கம் நின்றார்கள். அந்த எழுவரில் ஐவர் குடியரசுக் கட்சி அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள். தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மனை நியமித்தவர் ரிச்சர்ட் நிக்சன். எதிர்த்து எழுதிய இருவரில் ஒருவரான பைரன் வைட்டை நியமித்தவரோ ஜனநாயகக் கட்சியின் கென்னடி. எந்தக் கட்சியும் அன்று அந்தச் சிசுவைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருக்கவில்லை.

சபைகள் என்ன செய்தன? அந்நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பான சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் 1971-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பாலியல் வன்கொடுமை, முறைகெட்ட உறவு, சிசுவின் கடுமையான ஊனம், தாயின் உடல் மற்றும் மன நலத்துக்கு ஆபத்து ஆகியவற்றில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்காக விசுவாசிகள் உழைக்க வேண்டும் என்றது அத்தீர்மானம். இன்றைக்கு நம் சபையில் யாராவது இப்படி ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் அவரை என்ன சொல்வீர்கள்? டல்லாஸில் பெருஞ்சபையை நடத்திய டபிள்யூ. ஏ. கிரிஸ்வெல் போதகர், பிறந்து தாயைவிட்டுத் தனி உயிரான பின்பே பிள்ளை ஒரு முழு ஆள் ஆகிறது என்ற கருத்தில் அந்நாட்களில் இருந்தார். அதே அமைப்பு 1980-இல் முற்றிலும் எதிரான தீர்மானத்துக்கு வந்தது. பழைய தீர்மானங்களுக்காக 2003-இல் வருத்தமும் தெரிவித்தது. மனம் மாறுவது பாவமன்று. நானும் பலவற்றில் மாறியவன்தான். ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் வேதாகமம் மாறவில்லையே! பிறகு மாறியது எது?

கத்தோலிக்க சகோதரர்களுக்குரிய கனத்தை இங்கே செலுத்திவிட வேண்டும். 1973-க்கு முன்பிருந்தே பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களில் அநேகர் அன்று ஜனநாயகக் கட்சியினர். கருவைக் காப்பாற்றச் சொன்ன அதே வாயால், ஏழைத் தாய்க்கு அரசு உதவ வேண்டும் என்றும் சொன்னவர்கள். நம்மைப்போன்ற சுவிசேஷ சபையார் பெரும்பாலும் அது ரோமச் சபையின் விவகாரம் என்று ஒதுங்கியிருந்தோம்.

1970-களின் பிற்பகுதியில் அரசியல் அமைப்பாளர்கள் சிலர் சுவிசேஷ சபைகளின் வாக்குகளைத் திரட்ட முனைந்தார்கள். அப்போது போதகர்களைக் கொதிக்க வைத்திருந்த பிரச்சினை வேறு. இனப் பாகுபாடு காட்டிய கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கை அரசு பறித்துக்கொண்டிருந்தது. கறுப்பு, வெள்ளை மாணவர்கள் ஒருவரையொருவர் காதலிப்பதைத் தடைசெய்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976-இல் வரிவிலக்கை இழந்தது. 1983-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. அந்தத் தடையை அது கைவிட்டது 2000-இல்தான்! சபையின் அரசியல் எழுச்சிக்கு உண்மையான விதை இந்த வரிவிலக்குக் கோபமே என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அது மிகைக்கூற்று, கருக்கலைப்பைக் குறித்த மெய்யான மனவேதனையும் வளர்ந்துகொண்டிருந்தது என்பவர்களும் உண்டு. என் எண்ணம், இரண்டும் இருந்தன என்பது. ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள். ஜெரி ஃபால்வெல் போதகர் கருக்கலைப்பைக் குறித்து முதல் பிரசங்கம் செய்தது 1978-இல், தீர்ப்பு வந்து ஐந்தாண்டுகள் கழித்து. அதற்கு அடுத்த ஆண்டே மாரல் மெஜாரிட்டி என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார்.

அவர்கள் 1980-இல் தோளில் தூக்கிய ரொனால்ட் ரீகன், கலிஃபோர்னியாவின் ஆளுநராக 1967-இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர். மறுபக்கமும் இதே கதைதான். 1977-இல் கருக்கலைப்பைக் கண்டித்து எழுதிய ஜெசி ஜாக்சன் போதகர், 1984-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக விரும்பியபோது அந்த நிலையில் இல்லை. சந்தையில் இரண்டு வியாபாரிகள் இடம் மாற்றி உட்கார்ந்ததுபோல இரண்டு கட்சிகளும் உட்கார்ந்தன. தராசில் வைக்கப்பட்டது ஒரு பிள்ளை.

இந்தச் சந்தையில் விலைபோகாத ஒருவரைக் குறித்து நீங்கள் அறிய வேண்டும். காணொளிகளில் அவர் அதிகம் வருவதில்லை.

சி. எவரெட் கூப் என்பவர் ஃபிலடெல்ஃபியாவின் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். கைக்குள் அடங்கும் பச்சிளம் சிசுக்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், ஒட்டிப்பிறந்த இரட்டையரைப் பிரித்தவர், உறுதியான பிரெஸ்பிட்டேரியன் விசுவாசி. 1979-இல் பிரான்சிஸ் ஷேஃபர் என்ற இறையியலாளரோடு சேர்ந்து கருக்கலைப்புக்கு எதிராக நூலும் திரைப்படத் தொடரும் வெளியிட்டார். அமெரிக்கச் சுவிசேஷ சபைகளின் மனசாட்சியை உலுக்கியதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. 1981-இல் ரீகன் அவரைச் சர்ஜன் ஜெனரல் பதவிக்கு நியமித்தபோது எதிர்த்தரப்பார் பல மாதங்கள் தடுத்துப் பார்த்தார்கள். தம்முடைய ஆள் பதவியேற்றார் என்று சபையார் மகிழ்ந்தார்கள்.

எய்ட்ஸ் நோய் பரவியது. 1986-இல் கூப் அதைக் குறித்து வெளிப்படையான அறிக்கை வெளியிட்டார். பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி வேண்டும், ஆணுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று எழுதினார். 1988-இல் நாட்டின் வீடுகளுக்கெல்லாம் தபாலில் ஒரு கையேடு அனுப்பினார். அவரைத் தூக்கிக் கொண்டாடியவர்களே முகம் சுளித்தார்கள். அவருடைய கண்ணோட்டத்தில், நோயாளி யார், எப்படி நோய் வந்தது என்பது மருத்துவனுக்கு இரண்டாவது கேள்வி. இதற்கிடையே ரீகன் 1987-இல் இன்னொரு பணியைக் கொடுத்தார்: கருக்கலைப்பால் பெண்களின் உடலுக்கும் மனதுக்கும் நேரும் விளைவுகளைக் குறித்து ஓர் அறிக்கை. எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்துவிட்டு 1989 ஜனவரியில் அதிபருக்குக் கடிதம் எழுதினார். கிடைத்துள்ள ஆதாரங்களைக் கொண்டு அப்படியென்றும் சொல்ல முடியாது, இப்படியென்றும் சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். கருக்கலைப்பு தவறு என்ற தம் நம்பிக்கையை அவர் விடவேயில்லை. அந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்க ஒரு பொய்யைச் சேர்க்க மறுத்தார், அவ்வளவே. தம்முடைய பக்கத்துக்காகப் பொய் சொல்லாத ஒரு கிறிஸ்தவன்! எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அவரைப் போன்றவர்கள் ஓரங்கட்டப்பட்ட இடத்தில் வேறு வகையினர் வந்து நின்றார்கள். 1993-இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் ஒரு மருத்துவர் சுடப்பட்டார். 1994-இல் அதே ஊரில் இன்னொரு மருத்துவரையும் அவருக்குத் துணையாக வந்தவரையும் கொன்றவன், சபை நீக்கம் செய்யப்பட்ட ஒரு முன்னாள் போதகன். 2009 மே 31-இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் ஜார்ஜ் டில்லர் என்ற மருத்துவர் கொல்லப்பட்டார். பிந்தைய மாதக் கருக்கலைப்புகளைச் செய்தவர் அவர். அந்தத் தொழிலை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவர் கொல்லப்பட்ட இடம் அவருடைய லூத்தரன் ஆலயத்தின் முகப்பு, ஆராதனைக்கு வந்தவர்களை வரவேற்கும் பணியில் அவர் நின்றிருந்த நேரம். அது பெந்தெகொஸ்தே ஞாயிறு. பரிசுத்த ஆவியானவர் இறங்கிய நாளில், உயிரைக் காப்பதற்காக என்று சொல்லி, ஆலய வாசலில் இரத்தம் சிந்தப்பட்டது. கருக்கலைப்பை எதிர்க்கும் பெரிய அமைப்புகள் இந்தக் கொலைகளைக் கண்டித்தன என்பதையும் சொல்ல வேண்டும். கண்டித்தது மெய். ஆண்டுக்கணக்காக எதிராளியைப் பிசாசென்று மேடைகளில் முழங்கியவர்கள், துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று வியந்ததும் மெய்.

2016-க்கு வருகிறேன். பதாகையிலுள்ள அந்த முகத்துக்கு உரியவர், 1999-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் தாம் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். தேர்தலில் நின்றபோது கருக்கலைப்பை எதிர்க்கும் நீதிபதிகளை நியமிப்பேன் என்று வாக்களித்தார். வெள்ளையினச் சுவிசேஷ சபையாரில் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் அவருக்கு வாக்களித்தார்கள். வாக்கை அவர் நிறைவேற்றினார். அவர் நியமித்த மூவரும் சேர்ந்து 2022 ஜூன் 24-இல் டாப்ஸ் வழக்கில் 1973-இன் தீர்ப்பு நீக்கப்பட்டது. ஆர்ப்பரிப்பு எழும்பிற்று. பெட்டி பாளயத்துக்குள் வந்துவிட்டது.

வந்தபின் நடந்ததைப் பாருங்கள். 1990-இல் அந்நாட்டில் ஏறக்குறைய 16 லட்சமாக இருந்த கருக்கலைப்புகள், இரு கட்சி அதிபர்களின் காலத்திலும் குறைந்துகொண்டே வந்து 2017-இல் சுமார் 8.6 லட்சமாகியிருந்தன. 1973-இன் தீர்ப்பு நடைமுறையில் இருந்தபோதே இந்தக் குறைவு! தீர்ப்பு நீக்கப்பட்ட பின்பு, 2023-இல், எண்ணிக்கை மறுபடியும் 10 லட்சத்தைத் தாண்டிற்று. பத்தாண்டுகளுக்கு மேலாகக் காணாத எண்ணிக்கை அது. பெண்கள் வேறு மாநிலங்களுக்குப் போனார்கள், மாத்திரைகள் தபாலில் வந்தன. கன்சாஸ் போன்ற மாநிலத்திலேயே 2022 ஆகஸ்டில் மக்களிடம் நேரடியாகக் கேட்டபோது, கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை ஏறக்குறைய 59 சதவீதத்தினர் மறுத்தார்கள். நீதிமன்றத்தைப் பிடித்தவர்கள் அண்டைவீட்டுக்காரனின் மனதைப் பிடிக்கவில்லை.

டெக்சாஸில் ஒரு பெண். சிகிச்சையெல்லாம் எடுத்து, வெகுநாள் காத்திருந்து கருவுற்றவள். பிள்ளையை விரும்பியவள். 2022 ஆகஸ்டில், ஏறக்குறைய 18-ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. பிள்ளை பிழைக்க வழியில்லை என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் சிசுவின் இதயத் துடிப்பு நிற்கவில்லை. புதிய சட்டத்துக்குப் பயந்து அவர்கள் காத்திருந்தார்கள். அவளுடைய இரத்தத்தில் நச்சு பரவி உயிர் ஊசலாடிய பின்பே சிகிச்சை கிடைத்தது. பிழைத்துக்கொண்டாள். 2023-இல் அமெரிக்க செனட் குழுவின் முன்பு இதைச் சாட்சியாகச் சொன்னாள். மாநில அரசுக்கு எதிராக அவளும் மற்றப் பெண்களும் தொடுத்த வழக்கை டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை. உயிரின் பெயரால் எழுதப்பட்ட சட்டம் ஒரு பிரசவ அறைக்குள் நுழைந்து இதைச் செய்தது. பினெகாசின் மனைவியை எனக்கு நினைப்பூட்டியது இந்தச் செய்திதான்.

கட்சி? 2024 பிப்ரவரியில் அலபாமாவின் உச்ச நீதிமன்றம், உறைநிலையில் வைக்கப்பட்ட கருக்களும் பிள்ளைகளே என்று தீர்ப்பளித்தது. கருத்தரித்த கணமே உயிர் என்று நாற்பது ஆண்டுகள் முழங்கிய கட்சியினர் ஆளும் மாநிலம் அது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் மூடப்பட்டால் வாக்குகள் போய்விடும் என்று கண்டவுடன், சில வாரங்களுக்குள் அம்மையங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றினார்கள். அதே ஆண்டு ஜூலையில், நாடளாவிய தடையை நோக்கிய பழைய உறுதிமொழி குடியரசுக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலிருந்து காணாமற்போயிற்று. நான் ஆமென் சொன்னதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு! சபை தன் ஆத்துமாவை அடகுவைத்து வாங்கிய சரக்கு இவ்வளவுதான். கேட்க அவர்களுக்கு வாயுமில்லை. வேறு கட்சிக்குப் போக மாட்டார்கள் என்று தெரிந்துவிட்ட வாக்காளனுக்கு எந்தக் கட்சி பயப்படும்?

இந்த இரைச்சலில் அந்தப் பெண்கள் யார் என்று கேட்பார் இல்லை. 2014-இல் அமெரிக்காவில் கருக்கலைப்புக்கு வந்த பெண்களிடம் எடுக்கப்பட்ட கணக்கின்படி, ஏறக்குறையப் பாதிப்பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழிருந்தவர்கள். பத்தில் ஆறுபேர் ஏற்கெனவே தாய்மார்கள். நூற்றுக்குப் பதின்மூன்றுபேர் சுவிசேஷ சபைகளைச் சேர்ந்தவர்கள், நம்மைப்போல் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்து நிற்பவர்கள். உலகத்தின் மிகப் பெரிய செல்வந்த நாட்டில், பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கும் தேசியச் சட்டம் இன்றுவரை இல்லை. சபைகள் வாக்களித்து அனுப்பியவர்களே அதற்கு எதிராகவும் வாக்களித்தார்கள். சபை அவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அப்படியானால் சபை அரசியலைக் குறித்து வாய்திறக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். திறக்கத்தான் வேண்டும். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள் பார்வோனின் கட்டளையை மீறினார்கள், அவனுடைய அரண்மனையிலேயே நின்று பதில் சொன்னார்கள். அதைவிட அரசியலான காரியம் உண்டா? ஆனால் அவர்கள் எங்கிருந்து அரண்மனைக்குப் போனார்கள்? பிரசவ அறையிலிருந்து. கையில் இரத்தம் காயாமல் போனார்கள். நம்முடைய திருநெல்வேலிச் சீமைக்கே தெரிந்த ஒரு சரித்திரம் உண்டு. தோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் ஆபத்திலிருந்த பெண்பிள்ளைகளை ஒவ்வொருவராய்ச் சேர்த்து வளர்த்தார். அவரிடம் வாக்கு வங்கி இருக்கவில்லை. சோறும் தொட்டிலும் இருந்தன.

இப்போது நம் வீட்டுக்குள் வருகிறேன். இதுவரை வாசித்துவிட்டு, அமெரிக்கர்கள் கெட்டுப்போனார்கள் என்று நிம்மதியாக மூடிவைத்துவிடாதீர்கள்.

உசிலம்பட்டி நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. பெண்சிசுக்களைக் கொல்லாமல் விட்டுச் செல்லுங்கள் என்று அரசாங்கமே தொட்டில் வைக்க வேண்டிய நிலைக்கு 1992-இல் வந்த சேலம், நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாதென்று 1994-இல் சட்டம் வந்தது. ஸ்கேன் மையத்தின் சுவரில் அந்த அறிவிப்புப் பலகை இன்றும் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்து, ஜாடையாய்ச் சொல்லுங்களேன் என்று கேட்டவர்களில் கிறிஸ்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். எனக்குத் தெரியும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு சபையில் ஊழியம் செய்த காலத்தில், கருக்கலைப்பைக் குறித்து ஒரு பிரசங்கம் செய்தேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதன் கொதிப்பில் பேசினேன். கொலை என்றேன், கொலையாளி என்றேன். சபை ஆமென் சொன்னது. முன்வரிசையிலிருந்த ஓர் அம்மா எல்லாரையும்விடச் சத்தமாய்ச் சொன்னார்கள். அவர்களுடைய மருமகள், பெண்கள் பக்கத்தின் கடைசியில் இரண்டு பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றபடி பேசினாள். மூன்றாவதும் பெண் என்று தெரிந்தபின் அவளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனவர்கள் அவளுடைய கணவனும் மாமியாரும். "ஐயா, நீங்க சொன்னது என்னைத்தானே? என்னைக் கூட்டிட்டுப் போனவங்க முன்னாடி உக்காந்து ஆமென் சொன்னாங்களே, அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். நான் ஏதோ வசனம் சொன்னேன். எந்த வசனம் என்று இன்று நினைவில்லை. ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அந்த மாமியாருக்குச் சில மாதங்களில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்புக் கொடுத்தோம். அதற்குக் கையெழுத்திட்டவன் நான்.

மாற்றலாகி வரும்வரை அந்த மருமகள் ஆலயத்துக்கு வரவில்லை. திருவிருந்து கொடுக்கும்போதெல்லாம் பெண்கள் பக்கத்துக் கடைசி இருக்கையைப் பார்ப்பேன். இந்தச் சபைக்கு வந்தபின்பும் அந்தப் பழக்கம் போகவில்லை. நம்மிடையேயும் அப்படிப்பட்ட சகோதரிகள் இருக்கிறார்கள், இதை வாசித்துக்கொண்டும் இருப்பீர்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிரசங்கபீடத்திலிருந்து உங்களை நோக்கி நீட்டப்பட்ட விரல் வேறு சிலரை நோக்கியும் நீண்டிருக்க வேண்டும்.

வாலிபர்களுக்கு நான் சொன்ன பதில் இது. ஊர்வலத்துக்கு அனுமதியில்லை. ஒருவன் வருத்தப்பட்டான், வருத்தப்படட்டும். ஆனால் வெறுங்கையாய் அனுப்பவில்லை. சபையின் கடந்த மூன்று ஆண்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, கர்ப்பிணிக்கு, கைவிடப்பட்ட தாய்க்கு, மூன்றாவதும் பெண்ணாய்ப் பெற்றவளுக்கு நாம் செலவிட்டது எவ்வளவு என்று தேடச் சொன்னேன். பந்தல், ஒலிபெருக்கி, அசனம், பிரதிஷ்டைப் பண்டிகை அலங்காரம் என்று பக்கம் பக்கமாய்ப் புரட்டினார்கள். முக்கால் மணி நேரம் தேடினார்கள். "ஐயா, அப்படி ஒரு தலைப்பே இல்லையே" என்றான், பதாகையைக் காட்டிய அதே தம்பி.

வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பாஸ்டரேட் கமிட்டி குருமனையில் கூடுகிறது. அந்தத் தலைப்பைத் தொடங்குவதும், அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்கு வாரம் ஒருமுறை போவதற்கு ஆட்களைக் குறிப்பதும் அன்றைய பொருள். வாலிபர் மூவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இன்னும் பெயர் வரவில்லை. கமிட்டியில் இல்லாதவர்களும் வரலாம். கணக்குப் புத்தகம் மேசையின்மேல் திறந்தே இருக்கும்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்